தூய குருதி!

புதுவாயல் கூட்டுச்சாலையில் நின்றால், நாள் முழுதும் ஓயாத லாரிகளின் அணிவகுப்பு. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்கு இரும்பு போகிறது; இயந்திரம் போகிறது; வடபுலத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்த இளைஞர்கள் போகிறார்கள். அந்த இரைச்சலை விட்டுக் கிழக்கே திரும்பிப் பொன்னேரியைக் கடந்தால், சாலை ஓர் உப்புநீர் ஏரியின் கரையில் போய் ஓய்ந்துவிடுகிறது. அதுதான் பழவேற்காடு. இறாலுக்கும் நாரைக்கும் பெயர்பெற்ற ஊர் என்றே இன்று பலரும் அறிவர். ஆனால் ஒரு காலத்தில் பத்தாவியாவும் ஆம்ஸ்டர்டாமும் அந்தப் பெயரைக் கணக்குப் புத்தகத்தில் நாள்தோறும் எழுதின.

அங்கே டச்சுக்காரரின் கல்லறைத் தோட்டம் ஒன்று உண்டு. வாயிலில் இரண்டு எலும்புக்கூடுகள் காவல் நிற்கின்றன, கல்லில்! உள்ளே, பதினேழாம் நூற்றாண்டுக் கல்வெட்டுகள், குலச்சின்னங்கள், இன்னார் மகன் இன்னார் என்ற பெருமிதங்கள். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் அவை பத்திரமாக இருக்கின்றன. செத்த பிறகும் குலப்பெருமை சாகவில்லை என்பதைக் காண வேண்டுமானால் அங்கே போய்ப் பார்க்கலாம்.

அந்தத் துறையிலிருந்து அனுப்பப்பட்ட ஒரு பெண்ணுக்கோ கல்லறை அங்கே இல்லை. அவள் கதையைத்தான் நான் சொல்லப் போகிறேன். அவள் கதை, தோழர்களே, ஒரு தனிப்பெண்ணின் கதை மட்டுமன்று. முன்னோர் பாவம், குலப்பெருமை, தூய குருதி என்று மூன்று பெரிய சொற்களை வைத்துக்கொண்டு ஆடிய ஆட்டம் எப்படிக் கலைந்தது என்பதன் கதையும் ஆகும்.

டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியார் 1610இல் சந்திரகிரி மன்னனிடம் உரிமை பெற்றுப் பழவேற்காட்டில் கால் வைத்தனர். 1612இல் போர்த்துகீசியர் வந்து அடித்து நொறுக்கினர். 1613இல் கெல்திரியா என்ற கோட்டை எழுந்தது. துணி வாங்கவே வந்தார்கள். சோழமண்டலக் கரையின் துணியைக் கொடுத்தால்தான் கீழைத் தீவுகளில் சாதிக்காயும் கிராம்பும் கிடைக்கும். பிறகு துணியோடு இன்னொரு சரக்கும் சேர்ந்தது. அதற்குக் காரணம் உண்டு. 1621இல் பாந்தாத் தீவுகளின் மக்களை டச்சுத் தளபதி கூன் கொன்றும் கடத்தியும் ஏறத்தாழ இல்லாமலே ஆக்கிவிட்டான். சாதிக்காய் மரங்கள் இருந்தன. பறிக்கக் கைகள் இல்லை. கைகள் வேண்டுமே! அரக்கானிலிருந்தும் வங்கத்திலிருந்தும் சோழமண்டலக் கரையிலிருந்தும் மனிதர்கள் வாங்கப்பட்டார்கள்.

வாங்கப்பட்டார்கள் என்றுதான் எழுதுகிறேன். டச்சுக்காரன் ஈட்டியேந்தி நம் ஊர்களில் வேட்டையாடவில்லை. பஞ்சம் வரும்போதெல்லாம் அவனது கப்பல் நிரம்பிற்று. மழை பொய்த்தால், படை வந்தால், பயிர் எரிந்தால், அவனுக்கு நல்ல காலம். 1659 முதல் 1661 வரை பிஜப்பூர்ப் படைகளால் தஞ்சைத் தரணி சூறையாடப்பட்டுப் பஞ்சம் தலைவிரித்தாடிய மூன்றே ஆண்டுகளில், சோழமண்டலக் கரைத் துறைகளிலிருந்து 8,000 முதல் 10,000 பேர் வரை இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் மலாக்காவுக்கும் ஏற்றப்பட்டார்கள் என்று கம்பெனியின் ஆவணங்களை ஆய்ந்தோர் கணக்கிட்டுள்ளனர். தரகன் இருந்தான், அவன் நம்மவன். விற்ற கை இருந்தது. அதுவும் பெரும்பாலும் இந்தக் கரையின் கையே. இதை இப்போது குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பிறகு இதற்குத் திரும்பி வர வேண்டியிருக்கும்.

கோட்டைக்குள் ஒரு பாதிரியார் இருந்தார். ஆபிரகாம் ரோஜேரியஸ் என்று பெயர். 1632 முதல் 1642 வரை பத்தாண்டுகள் பழவேற்காட்டில் பணியாற்றினார். பத்மநாபன் என்ற பார்ப்பனர் ஒருவர் அங்கே அடைக்கலம் புகுந்திருந்தார். இருவருக்கும் பொதுவாய் இருந்தது போர்த்துகீசிய மொழி. அந்த மொழியில் பத்மநாபன் சொல்லச் சொல்ல ரோஜேரியஸ் எழுதிக்கொண்டார். நால்வருணம், சடங்கு, மறுபிறவி, பர்த்ருஹரியின் பாடல்கள், எல்லாம் எழுதினார். பாதிரியார் இறந்த பின், 1651இல் லெய்டன் நகரில் அது நூலாக வெளிவந்தது. இந்நாட்டுச் சமயம் பற்றி ஐரோப்பா அறிந்த முதல் நல்ல நூல்களுள் அதுவும் ஒன்று என்று அறிஞர்கள் போற்றுகிறார்கள். போற்றட்டும். ஆனால், அந்த அறையின் காட்சியைச் சற்று எண்ணிப் பாருங்கள்.

ஒரு பக்கம் பார்ப்பனர்: மனிதன் படும் துன்பம் முற்பிறவியில் அவனே செய்த வினையின் பயன் என்பது அவர் கற்ற கொள்கை. மறுபக்கம் பாதிரியார்: மனிதன் படும் துன்பம் ஆதிமனிதன் ஆதாம் செய்த பாவத்தின் பயன் என்பது அவர் கற்ற கொள்கை. இருவரும் பிறப்பிலேயே கறையைக் கண்டவர்கள். கோட்டைச் சுவருக்கு அப்பால் இருந்ததோ அடிமை ஏற்றும் துறை. படகில் ஏற்றப்பட்ட குழந்தை எந்தப் பிறவியில் என்ன செய்தது? ஏதேன் தோட்டத்தில் அது எந்தக் கனியைத் தின்றது? அந்தக் கேள்விக்கு அந்த நூலில் இடமில்லை.

பிறவிப் பாவம் என்ற கோட்பாட்டுக்கு உருவம் கொடுத்தவர் அகஸ்டின். வட ஆப்பிரிக்காவின் ஹிப்போ நகரத்து ஆயர். 354இல் பிறந்து 430இல் மறைந்தவர். ஆதாமில் மனித குலம் முழுதும் பாவம் செய்தது, ஆகவே இன்று பிறந்த பச்சிளங்குழந்தையும் குற்றவாளியே என்றார். பெலாகியஸ் என்ற துறவியும் அவர் வழிவந்தோரும், ஒருவன் செய்த குற்றம் இன்னொருவனுக்கு எப்படி ஒட்டும் என்று மறுத்தார்கள். 418இல் கார்த்தேஜ் நகரில் கூடிய ஆயர் பேரவை பெலாகியஸ் கூட்டத்தைக் கண்டித்துக் கதவடைத்தது. கேள்வி கேட்டவனை வெளியே தள்ளிவிட்டால் கேள்வி தீர்ந்துவிடும் என்பது எல்லாச் சமயத்துக்கும் பொதுவான நம்பிக்கை போலும்! இத்தனைக்கும் அவர்களுடைய வேதத்திலேயே இரண்டு குரல்கள் உள்ளன. தந்தையரின் அக்கிரமம் மூன்றாம் நான்காம் தலைமுறை வரை விசாரிக்கப்படும் என்பது ஒரு குரல். தந்தையர் புளித்த திராட்சையைத் தின்றதால் பிள்ளைகளின் பல் கூசாது, அவனவன் குற்றம் அவனவனுக்கே என்பது எசேக்கியேல் என்ற தீர்க்கதரிசியின் குரல்.

பகுத்தறிவாளர் இக்கோட்பாட்டை ஒரே வீச்சில் தள்ளிவிடுவது எளிது. நான் அதில் ஒன்றை மட்டும் எடுத்து வைத்துக்கொள்ள விரும்புகிறேன். அனைவரும் ஒரே பாவத்தில் பிறந்தவர்கள் என்றால், அனைவரும் ஒரே தட்டில் நிற்கிறார்கள் என்றுதானே பொருள்? அரசனும் பாவி, ஆண்டியும் பாவி, பாதிரியும் பாவி, பறையடிப்பவனும் பாவி! அப்படியானால், என் பிறப்பு உயர்ந்தது, உன் பிறப்பு தாழ்ந்தது என்று சொல்ல ஒருவனுக்கும் வாய் இருக்கக் கூடாது. ஆதிப்பாவத்தை நம்புகிறவன் குலப்பெருமை பேசினால் அவன் தன் கோட்பாட்டையே அறியாதவன் ஆவான். வரலாற்றில் நடந்தது என்ன?

வேதத்தில் நோவாவின் கதை ஒன்று வருகிறது. குடித்து மயங்கிக் கிடந்த தந்தையை மகன் காம் பார்த்துவிட்டான். நோவா சபித்தார். யாரை? காமை அன்று, காமின் மகன் கானானை! அண்ணன் தம்பியருக்கு அடிமையாக இரு என்று சாபம். அந்தக் கதையில் தோலின் நிறம் பற்றி ஒரு சொல்கூட இல்லை. ஆயினும் அடிமை வாணிபம் கொழுக்கக் கொழுக்க, காமின் வழி வந்தோரே கறுப்பர், அடிமைத்தனம் அவர்களின் முன்னோர் சாபம் என்ற விளக்கம் ஐரோப்பாவெங்கும் பரவிற்று. எல்லாருக்கும் பொதுவாயிருந்த பாவத்தைத் தூக்கி ஓர் இனத்தின் தலையில் மட்டும் கட்டினார்கள். நாமும் தப்பவில்லை. 1792இல் கல்கத்தாவில் வில்லியம் ஜோன்ஸ் என்ற பேரறிஞர் உலக மக்கள் அனைவரையும் நோவாவின் மூன்று பிள்ளைகளுக்கும் பங்கிட்டுக் கொடுத்தபோது, இந்தியரைக் காமின் கணக்கில்தான் எழுதினார்.

டச்சுத் திருச்சபையார் மனச்சான்று அறவே அற்றவர்கள் அல்லர் என்பதையும் சொல்ல வேண்டும். 1618–19இல் டோர்ட் நகரில் கூடிய அவர்களின் பெரும் பேரவைக்குக் கீழைத் தீவுகளிலிருந்து ஒரு கேள்வி வந்தது: கிறித்தவர் வீட்டில் உள்ள அடிமைகளின் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் தரலாமா? வேதம் கற்றுத் தேறும் வயது வரும்வரை தரலாகாது என்று பேரவை முடிவு கூறிற்று. ஞானஸ்நானம் பெற்றவனை விற்கக் கூடாது, மற்றக் கிறித்தவருக்குள்ள உரிமை அவனுக்கும் வேண்டும் என்ற குரலும் அங்கே எழுந்தது. நல்ல குரல்தான்! விளைவு என்ன தெரியுமா? விற்க முடியாமல் போய்விடுமே என்று அஞ்சி, உடைமையாளர் பலர் அடிமைகளைக் கோயில் பக்கமே விடத் தயங்கினர். ஆன்மாவைக் காப்பாற்றினால் முதல் போய்விடும்! அந்தத் தயக்கத்தைத் தீர்க்க 1742இல் ஒருவர் கிடைத்தார். யாக்கோபுஸ் கப்பித்தேன். ஆப்பிரிக்காவில் பிறந்து, சிறுவனாய் விற்கப்பட்டு, லெய்டனில் படித்துப் பாதிரியான கறுப்பர். அடிமைமுறை கிறித்தவ விடுதலைக்கு முரணானதன்று என்று இலத்தீனில் ஆய்வுரை எழுதியவர் அவரே. விலங்கு பூட்டப்பட்டவனைக் கொண்டே விலங்குக்கு வாழ்த்துப்பா பாட வைத்த வித்தை அது. நம் நாட்டிலும் அந்த வித்தையை நாம் கண்டதுண்டு.

இப்போது அந்தப் பெண்ணிடம் வருவோம்.

பத்தாவியாவில் ஓர் அடிமைப்பெண். ஆவணங்கள் அவளைப் ‘பழவேற்காட்டுப் பெரிய கத்ரைன்’ என்று குறிக்கின்றன. அவளைப் பெற்றவர்கள் இட்ட பெயர் கத்ரைனாக இருக்க முடியுமா? அந்தப் பெயர் கப்பலில் ஏறவேயில்லை. அவளோடு உறவு கொண்டிருந்த மலபார்க்காரன் கிளாஸ், அவனும் அடிமை, அவள் கையால் இறந்தான். 1656இல் அவளுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. பின்பு அது நாடு கடத்தலாகக் குறைக்கப்பட்டது. 1657இல் ஆப்பிரிக்காவின் தென்கோடியில், நன்னம்பிக்கை முனையில் அவள் இறக்கப்பட்டாள். டச்சுக்காரர் அங்கே குடியேற்றம் அமைத்து அப்போது ஐந்தே ஆண்டுகள் ஆகியிருந்தன. ஐரோப்பியரும் அடிமைகளுமாய்ச் சில நூறு பேர்தாம் அங்கே இருந்தனர். அவளுக்குப் பிறந்த மகன் கிறிஸ்தோபல் 1669இல் ஞானஸ்நானம் பெற்றான். தந்தை, ஸ்னைமன் என்ற போர்வீரன் என்பர். பின்னர் அவள் மன்னிப்புப் பெற்று, விடுதலையடைந்த வங்காளத்து அந்தோணி என்பவரை 1671இல் மணந்தாள்.

மகன் கிறிஸ்தோபல் வளர்ந்தான். அவன் மணந்ததோ, பிரான்சிலும் பிளாண்டர்சிலும் சமயக் கொடுமைக்குத் தப்பி ஓடிவந்த ஹியூகனாட் குடும்பங்களுள் ஒன்றைச் சேர்ந்த மார்கரீத் தெரேஸ் டி சாவோய் என்ற வெள்ளைப் பெண்ணை. அவர்கள் வழியில் பெருகியது ஸ்னைமன் குடும்பம். தென்னாப்பிரிக்காவின் ஆப்பிரிக்கானர் குடும்பங்களுள், வெள்ளை ஆப்பிரிக்கானர் குடும்பங்களுள், அது பேர்பெற்ற ஒன்று.

இவள் தமிழச்சியா? அப்படிச் சொல்லிப் பூரிக்க எனக்கும் ஆசைதான். ஆனால் பெயர் துறையைச் சொல்கிறது, தாய்மொழியைச் சொல்லவில்லை. பழவேற்காட்டைச் சூழத் தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கின. வேற்றூராரும் அங்கிருந்து ஏற்றப்பட்டனர். குருதிப் பெருமையைக் கலைக்க எழுதத் தொடங்கிவிட்டு, நானே அவள் குருதிக்கு உரிமை கொண்டாடுவது நகைப்புக்கிடம். நம் கரையிலிருந்து போனவள். அது போதும்.

மேலே நடந்ததைப் பாருங்கள். 1829இல் அந்நாட்டு டச்சுச் சீர்திருத்தத் திருச்சபையின் பேரவை, திருவிருந்தில் நிறபேதம் கூடாது என்று முடிவெடுத்தது. 1857இல் அதே திருச்சபை, ‘சிலருடைய பலவீனத்தை’ முன்னிட்டு வெள்ளையரல்லாதார் தனியாக வழிபடலாம் என்றது. பலவீனம் யாருடையது? பக்கத்தில் கறுப்பன் அமர்ந்தால் பொறுக்க மாட்டாத வெள்ளையனுடையது! பலவீனனைத் திருத்தவில்லை; பலமானவனை வெளியேற்றினார்கள். 1881இல் வெள்ளையரல்லாதாருக்குத் தனித் திருச்சபையே அமைத்துவிட்டார்கள். முதலில் தனி வேளை, பிறகு தனி இடம், பிறகு தனிச் சபை. 1948இல் தேசியக் கட்சி ஆட்சிக்கு வந்தபோது, தலைமை அமைச்சரான மாலன் முன்னாளில் அந்தத் திருச்சபையின் போதகராயிருந்தவர். 1949இல் வெள்ளையர் பிற இனத்தாரை மணப்பதற்குத் தடை. 1950இல் ஒவ்வொரு மனிதனையும் இனவாரியாகப் பதியும் சட்டம். தலைமுடியில் பென்சிலைச் செருகிப் பார்த்து, விழுந்தால் ஓர் இனம், சிக்கிக்கொண்டால் மற்றோர் இனம் என்று முடிவு செய்த கேலிக்கூத்தும் அரங்கேறிற்று. கடவுளின் படைப்பைப் பென்சில் தீர்மானித்தது!

இதற்கெல்லாம் வேத ஆதாரம்? கிடைக்காமலா போகும்! பாபேல் கோபுரத்தின் கதை. மக்கள் ஒரே மொழி பேசி ஒன்றாய்க் கூடியபோது இறைவனே அவர்களைச் சிதறடித்தார், ஆகவே இனங்கள் பிரிந்து வாழ்வதே அவர் திருவுளம் என்று விளக்கம். 1974இல்கூட அத்திருச்சபை வெளியிட்ட ‘இனம், மக்கள், நாடு’ என்ற அறிக்கை அந்த வழியிலேயே நடந்தது.

அந்தத் ‘தூய’ குருதியில்தான் பழவேற்காட்டு அடிமைப்பெண் ஓடிக்கொண்டிருந்தாள்! ஹேசே என்ற ஆப்பிரிக்கானர் ஆய்வாளர் 1971இல் குடும்பப் பதிவேடுகளை எல்லாம் கூட்டிப் பார்த்து, ஆப்பிரிக்கானரின் மரபில் ஏறத்தாழ 7 விழுக்காடு ஐரோப்பியரல்லாத முன்னோருடையது என்று எழுதினார். கலப்பு மணம் குற்றமாயிருந்த நாளில் அதை எழுதத் துணிவு வேண்டும். 2020இல் வெளிவந்த மரபணு ஆய்வு ஏறத்தாழ 5 விழுக்காடு என்றது. அதில் தென்னாசியாவின் பங்கு குறிப்பிடத்தக்கது. கலப்பு மணத்தைத் தடுத்த சட்டம், அதை இயற்றியவர்களின் பாட்டியரையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிற்று என்பதுதான் இதன் பொருள்.

ஆயினும், அந்தத் திருச்சபைக்கு உள்ளிருந்தே எதிர்த்தவர்கள் தோன்றினர். பேயர்ஸ் நௌடே அவர்களுள் முதல்வர். அவருடைய தந்தை யார்? ஆப்பிரிக்கானர் இனப்பெருமையைக் காக்க 1918இல் தோன்றிய ‘சகோதரர் கழகம்’ என்ற மறைமுக அமைப்பின் நிறுவனர்களுள் ஒருவர். மகனும் அதன் உறுப்பினராயிருந்தவர்தான். 1960இல் ஷார்ப்பவில் நகரில் காவல்துறை சுட்டு 69 பேர் மாண்டனர். நௌடேயின் நெஞ்சு அதிர்ந்தது. வேதத்தைப் புரட்டிப் பார்த்தார். பிரிவினைக்கு அங்கே ஆதாரம் இல்லை என்று கண்டார். 1963இல் போதகர் பதவியைத் துறந்தார். 1977 முதல் 1984 வரை அரசு அவருக்குத் தடை விதித்தது. கூட்டத்தில் பேசக் கூடாது, எழுதியது அச்சேறக் கூடாது. தந்தை கட்டிய வீட்டை மகன் சுத்தியல் கொண்டு தாக்கினான். அவர் தந்தையை வெறுத்தவர் அல்லர் என்பது முக்கியம்.

1982இல் ஒட்டாவாவில் கூடிய உலகச் சீர்திருத்தத் திருச்சபைகளின் கூட்டமைப்பு, இனப்பிரிவினைக்கு வேத நியாயம் கற்பிப்பதைச் சமய முரண் என்று அறிவித்து, வெள்ளையர் திருச்சபையை உறுப்பினர் நிலையிலிருந்து இடைநீக்கிற்று. அதே ஆண்டில், 1881இல் ஒதுக்கி வைக்கப்பட்டோரின் திருச்சபை, பெல்ஹார் என்ற ஊரில் கூடி ஓர் அறிக்கையை வரைந்தது. 1986இல் அதை ஏற்றது. அதில் அடிமைகளின் பேரப்பிள்ளைகளும் இருந்தனர் என்பதை நினைவில் வையுங்கள். ஒதுக்கப்பட்டவன் ஒதுக்கியவனுக்கு வேதம் கற்பித்த அரிய நிகழ்ச்சி அது!

1990 நவம்பர். ரஸ்டன்பர்க் நகரில் எல்லாத் திருச்சபையாரும் கூடியிருந்தனர். ஸ்டெல்லன்போஷ் பேராசிரியர் வில்லி யோங்கர் எழுந்தார். தன் குற்றத்தை மட்டுமன்றித் தன் திருச்சபையின் சார்பிலும், தன் ஆப்பிரிக்கானர் மக்கள் சார்பிலும் குற்றத்தை ஒப்புக்கொள்வதாகச் சொன்னார். பேராயர் டுட்டு எழுந்து அதை ஏற்றுக்கொண்டார். உடனே இரு பக்கமும் எதிர்ப்பு! முன்னாள் குடியரசுத் தலைவர் போத்தா, யாரைக் கேட்டு எங்கள் சார்பில் மன்னிப்புக் கேட்டீர்கள் என்று சினந்தார். கறுப்பர் திருச்சபையாரிலும் பலர், இத்தனை எளிதில் மன்னிக்க டுட்டு யார் என்று கேட்டனர். மன்னிப்பு மலிவான சரக்கா? நிலம் எங்கே, பள்ளிக்கூடம் எங்கே, பறித்த வீடு எங்கே?

இந்த இடத்தில்தான் பழைய கேள்வி புதிய உடையில் வந்து நிற்கிறது. தந்தை செய்ததற்கு மகன் பொறுப்பா? எசேக்கியேல் இல்லை என்கிறார். பகுத்தறிவும் இல்லை என்கிறது. குற்றம் குருதியில் ஓடாது. ஓடுமானால், சாதியும் ஓடும் என்று ஒப்புக்கொள்ள வேண்டி வரும். ஆனால் நம் ஊர் நீதிமன்றத்தில் வழங்கும் ஒரு சாதாரண முறையை எண்ணிப் பாருங்கள். தந்தை விட்டுச் சென்ற கடனுக்கு மகன் தன் உழைப்பைக் கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் தந்தையின் சொத்தை ஏற்றுக்கொண்டானானால், அந்தச் சொத்தின் அளவுக்குக் கடனையும் தீர்த்தாக வேண்டும். பத்திரம் வேண்டும், பாக்கி வேண்டாம் என்பவனை எந்த நீதிபதியும் ஏற்க மாட்டார். யோங்கர் ஒப்புக்கொண்டதும் அதுதான். ஆதாமின் கனி அன்று. 1913ஆம் ஆண்டுச் சட்டத்தால் கறுப்பரிடமிருந்து பறித்த நிலம், அதன்மேல் எழுந்த வீடு, அந்த வீட்டில் படித்து வந்த பட்டம். அது குருதியில் வந்ததன்று, பத்திரத்தில் வந்தது.

நெதர்லாந்து நாட்டாரும் அண்மையில் இந்தக் கணக்கைத் திறந்தனர். 2022 திசம்பர் 19இல் தலைமை அமைச்சர் ருட்டே அடிமை வாணிபத்துக்காக அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். 2023 சூலை 1இல் மன்னர் வில்லெம் அலெக்சாந்தர் கேட்டார். ஆப்பிரிக்காவிலிருந்து கடத்தப்பட்ட 6 இலட்சத்துக்கும் மேற்பட்டோரைச் சொன்ன ருட்டே, ஆசியாவில் 6,60,000 முதல் 10 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அடிமைகளாக்கப்பட்டதையும் சொன்னார். அந்தக் கணக்கில் பழவேற்காடும் உண்டு, நாகப்பட்டினமும் உண்டு, தேவனாம்பட்டினமும் உண்டு. நம் பக்கத்தில் அதைக் கேட்டவர் எத்தனை பேர்?

கேட்க நமக்கு ஒரு சங்கடம் இருக்கிறது. குறித்து வைத்துக்கொள்ளச் சொன்னேனே, அந்த விற்ற கை!

வகுப்பில் சோழர் வரலாறு வந்தால் மாணவர் முகத்தில் ஒளி வீசும். 1025இல் இராசேந்திரனின் கலங்கள் கடாரத்தைக் கொண்ட பாடத்தை நானும் குரலுயர்த்தித்தான் நடத்துகிறேன். அந்தப் பெருமை நமக்கு வேண்டும். பிறர் நம்மைக் குனிய வைத்த நாளில் நிமிர வைத்த பெருமை அது. ஆனால் அதே சோழர் காலத்துக் கல்வெட்டுகள் வேறொன்றையும் சொல்கின்றன. 1201ஆம் ஆண்டை ஒட்டிய பஞ்சத்தில், திருப்பாம்புரத்தில் ஒரு வேளாளர் தம் இரு மகள்களோடு தம்மையும் 110 காசுக்குக் கோயிலுக்கு அடிமையாக விற்றுக்கொண்டார். நெல் வைத்திருந்தது கோயில். பட்டினி கிடந்தது குடி. அடிமை ஆக்கியது ஆவணம்! டச்சுக்காரன் வருவதற்கு 400 ஆண்டுகளுக்கு முன்பே மனிதனை எழுதி விற்கும் ஓலை நம்மிடம் இருந்தது. அவன் கொண்டுவந்தது கப்பல் மட்டுமே. 1843இல் சட்டம் வந்த பிறகுதான் அந்த ஓலைக்கு நீதிமன்றத்தில் மதிப்பில்லாமல் போயிற்று. கடாரத்தை ‘நாம்’ வென்றோம் என்று சொல்லும் நாவு, திருப்பாம்புரத்தில் வாங்கியது ‘அவர்கள்’ என்று சொல்லலாமா? முன்னோரின் வாளுக்கு வாரிசு, முன்னோரின் ஓலைக்கு மட்டும் வாரிசு இல்லையா?

தமிழ்நாட்டுக் கிறித்தவரிடத்தும் இதே கதைதான், வேறு சுவரில். அனைவரும் பாவிகள் என்று பாடம் சொன்ன கோயிலில், பாவிகளுக்குள் மேல் பாவி, கீழ்ப் பாவி! தஞ்சையில் வேதநாயகம் சாஸ்திரியார் என்ற பெருங்கவிஞர் இருந்தார். கிறித்தவத் தமிழ்ப் பாடலுக்கு அவர் செய்த தொண்டு பெரிது. தமிழை நேசிப்போர் அவரை மறக்க முடியாது. அவரே, 1820களில் மேனாட்டு இளம் போதகர்கள் கோயிலில் சாதி வரிசையை நீக்க முனைந்தபோது, அதை எதிர்த்து நின்றார். அவர் கவிதையை நேசிப்போம். அவர் கட்டிக்காத்த வரிசையை? 1833இல் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன், சாதியை முற்றாக விடுக என்று திருமுகம் அனுப்பியபோது, வேப்பேரியிலும் தஞ்சையிலும் பலர் விட்டது சாதியை அன்று, சபையை!

நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் 1872இல் எழுந்த கத்தோலிக்கக் கோயிலின் வடிவமே ஒரு வரலாற்று ஆவணம். பீடத்தில் கூடுகின்ற இரண்டு கூடங்கள், நடுவே சுவர், ஒரு பக்கம் மேற்சாதியார், மறுபக்கம் மற்றவர். கால்சட்டை போன்ற கோயில்! ஆண்டவர் இடுப்பில் நின்று இரு கால்களையும் பார்க்க வேண்டும். 1910இல் அந்தச் சுவர் இடிக்கப்பட்டது. சுவரைக் காக்க விரும்பியோர் வழக்குத் தொடுத்தனர். சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்றது. கிறித்தவரான பின் சாதியின் பெயரால் கோயிலில் தனி இட உரிமை கோர முடியாது என்று தீர்ப்பு வந்தது. மோட்சம் பற்றிய நூல்களெல்லாம் செய்யாததை ஒரு கடப்பாரையும் ஒரு தீர்ப்பும் செய்தன.

செங்கல் சுவருக்கு அது போதுமானதாயிருந்தது. 2003 நவம்பரில் தமிழ்நாட்டு ஆயர்கள் உரோமாபுரி சென்றிருந்தபோது, திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், சாதி வேற்றுமை மனித ஒற்றுமைக்கே எதிரானது என்று அவர்களிடம் எடுத்துரைத்தார். அதற்குப் பின் ஐந்தாண்டும் ஆகவில்லை. விழுப்புரம் மாவட்டத்தின் அந்நாள் எல்லைக்குள் இருந்த எறையூரில், தாழ்த்தப்பட்ட கத்தோலிக்கர் தங்களுக்கெனத் தனிப் பங்கு வேண்டுமென்று கேட்டனர். கோயிலை விட்டு ஓடவில்லை, கடவுளை மாற்றவில்லை, கேட்டது ஒரு பங்கும் ஒரு குருவும். ஆதிக்கச் சாதியாரான கத்தோலிக்கர் அவர்களைத் தாக்கினர். கலவரம் மூண்டது. 2008 மார்ச் 9ஆம் நாள் காவல்துறை சுட்டது. இருவர் இறந்தனர். சுட்டவர்க்கும் பட்டவர்க்கும் இடையே கிடந்த அந்தக் கோயிலின் வாயிலில், அந்த ஆண்டும் தவக்காலம் நடந்துகொண்டிருந்தது.